கைப்பிடி இல்லாத கதவு

டீ நன்றாக இருக்கிறது, இன்ஸ்பெக்டர் சார். எங்கள் கேண்டீனில் இப்படி ஒரு டீ கிடைத்திருந்தால் தீசிஸை எப்போதோ முடித்திருப்பேன்.

கட்டடக்கலை, கடைசி வருஷம். மற்றவர்கள் ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்டு என்று தலைப்பு எடுத்தார்கள். நான் வழிபாட்டுக்கூடம் எடுத்தேன். எந்தச் சாமிக்கும் இல்லை. உள்ளே போனால் யாராக இருந்தாலும் கை தானாகக் குவிய வேண்டும், அவ்வளவுதான். ஒற்றை அறை, வெறும் சுவர், உச்சியில் கீறல்போல ஒரு திறப்பு.

ரிவ்யூவில் கைடு மேடம் என் அட்டை மாடலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்ப்பா, கதவுக்கு உள்பக்கம் கைப்பிடியே காணோம்?"

"கும்பிட வர்றவங்க வெளிய போறதப் பத்தி நினைக்கக் கூடாது மேடம்."

வகுப்பே சிரித்தது. அதிகமாகச் சிரித்தவன் என் ரூம்மேட் ஒட்டடைக்குச்சி. அவன் உயரத்துக்கு நாங்கள் வைத்த பெயர். பரீட்சை அன்றுகூடச் சாமியைக் கூப்பிடாத ஜென்மம். "மச்சான், உன் ரூமுக்குள்ள போனா எனக்குக் கொட்டாவிதான்டா வரும்" என்றான். தங்கமான பையன். நான் காய்ச்சலில் கிடந்தபோது என் துணியெல்லாம் துவைத்துப் போட்டவன்.

"இதுக்குள்ள நிஜமாவே ஒருத்தன் கும்பிடுவான்னு என்ன ஆதாரம்?" என்று கேட்டார் மேடம். நியாயமான கேள்வி.

லீவில் விடுதி காலியானதும், ஊருக்கு வெளியே பூட்டிக் கிடந்த, கூரை பெயர்ந்த ஒரு குடோனுக்குள் அந்த அறையை நிஜ அளவில் கட்டினேன். பக்தி உள்ளவன் எங்கே உட்கார வைத்தாலும் கும்பிடுவான். அது கணக்கில் வராது. ஒட்டடைக்குச்சிதான் பொருத்தம்.

பாவம், குனிந்துதான் நுழைந்தான். கதவின் உயரத்தைக் குறைத்து வைத்துவிட்டேன். அது என் தப்புதான், ஒத்துக்கொள்கிறேன்.

முதலில் ஜோக்கடித்தான். பிறகு திட்டினான். திட்டுவது வழிபாட்டில் சேராது, அதனால் காத்திருந்தேன். செருப்போடு செல்போனையும் வெளியே விடச் சொல்லியிருந்தேன். அதில் அவன் அம்மா கூப்பிட்டார்கள்.

"எங்கப்பா போயிட்டான் அவன்?"

"சாமி கும்பிடுற இடத்துல இருக்கான்மா."

"என் புள்ளையா? நீதான் கூட்டிட்டுப் போனியா? நல்லா இருப்ப கண்ணு."

நான் பொய் சொல்லவில்லை, பாருங்கள்.

தண்ணீர் கேட்டான். கொடுத்திருந்தால் நன்றியெல்லாம் எனக்கு வந்திருக்கும், அறைக்குப் போயிருக்காது. ஆய்வே கெட்டுப்போகும்.

கடைசியில் ஒருநாள் அறையின் கூரைமேல் ஏறிக் கீறல் வழியே பார்த்தேன். முழங்காலிட்டு, அண்ணாந்து, கைகூப்பியிருந்தான். ஆனால் மேகமூட்டம். படம் சரியாக விழ உச்சிவெயில் வேண்டும். மறுநாள் வரை பொறுத்தேன்.

வெளிச்சம் அருமையாக விழுந்தது. தீசிஸின் அட்டைப்படம் அதுதான். படம் எடுத்துவிட்டுத்தான் கதவைத் திறந்தேன். அவன் எழுந்திருக்கவில்லை. சுவரில் சாய்ந்தபடி உயிர் போயிருந்தது. கை மட்டும் கூப்பியபடியே இருந்தது. பிரிக்க மனம் வரவில்லை.

அதற்கு முந்தின நாள் கூரைக் கீறலில் என் முகத்தைக் கண்டதும் அவன் என் பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னான் சார். ஆனாலும் அது அந்த அறையின் சாதனை. நான் அதற்குப் பெருமை எடுத்துக்கொள்ளவில்லை.