ஏழு மீட்டர்ச் சுவரும் எங்கள் ஏறக்குறைய அம்மையாரும்

வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தின் விழி மூடா விளக்கே! எண்ணுக்குள் பதுங்கும் ஐயத்தை எடுத்து எல்லோர் முன்னும் வைத்த எங்கள் மூத்த நிரலாளர் அம்மையே! ஆற்றுக்கும் ஊருக்கும் நடுவே அயராது நின்ற அரணே! பணி நிறைவு பெறும் தங்களைப் பாராட்டக் கூடியிருக்கிறோம். ஆனால் பாராட்ட வந்த எங்களுக்குப் பயமாக இருக்கிறது. கண்ணாடிச் சட்டத்துக்குள் போட்டு வைத்திருக்கும் பாராட்டு மடல் வேறு. இது இன்று மதியத்துக்குப் பின் அவசரமாக எழுதியது. பொன்னெழுத்தில் பொய் சொல்லத் தாங்கள் எங்களைப் பழக்கவில்லை ஆதலால் அதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

அலுவலகத்தில் தங்களுக்கு 'ஏறக்குறைய அம்மா' என்றொரு பெயர் உண்டு. தங்கள் காதில் விழாமல் வைத்ததாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தாங்களோ முதல் நாளே அதற்குத் திரும்பிப் பார்த்தீர்கள். தேநீர் எப்போது வரும் என்று கேட்டால்கூட, “பத்து நிமிஷம். மூணு கூடலாம், ரெண்டு குறையலாம்” என்று பதில் வரும். முதுகுக்குப் பின்னால் சிரித்தோம். பிறகு நாங்களும் வீட்டில் அப்படியே பேசி வாங்கிக்கட்டிக்கொண்டோம்.

பணியில் சேர்ந்த ஒவ்வொருவரையும் திரையின் முன் உட்காரவைத்து, இந்தக் கணினி 0.1 என்ற சின்ன எண்ணைக்கூட முழுதாக வைத்துக்கொள்வதில்லை, இடம் போதாமல் வாலை வெட்டிவிட்டுத்தான் வைத்துக்கொள்கிறது என்று காட்டியவரே! ஆற்றில் நீர்மட்டம் காட்டும் அளவுகோல் கொஞ்சம் பொய் சொல்லும், கணினி கொஞ்சம் பொய் சொல்லும், இரண்டையும் கூட்டிப் பெருக்கி வரும் விடை வெகு துணிச்சலாகப் பொய் சொல்லும் என்று அஞ்சியவரே! தாங்கள் எழுதிய நிரலில் நீர்மட்ட எண்களின் வரிசை ஒன்று ஓடினால், பக்கத்திலேயே அவற்றின் பிழை எல்லைகளின் வரிசை ஒன்றும் ஓடியது. எண்களைக் கூட்டினால் எல்லைகளும் விரிந்தன. தசம இலக்கங்களைச் சுருக்கும்போது கீழெல்லையைக் கீழ்ப்பக்கமும் மேலெல்லையை மேல்பக்கமுமே தள்ள வேண்டும் என்பது தங்கள் கட்டளை. மேலெல்லை 6.98 என்று வந்தால் அது ஏழுதான். யாருடைய வசதிக்காகவும் 6.9 ஆகிவிடாது.

இதை இப்போது வாசித்துக்கொண்டு நிற்கும் எங்கள் வரைபடக்காரருக்கு, மூன்று மழைக்காலங்களுக்கு முந்தைய ஒரு பிற்பகல் மறக்காது. அவருடைய அக்கா வீடு ஆற்றோரத்துத் தாழ்வான தெருவில் இருக்கிறது. தெருவைக் காக்கும் சுவர் ஏழு மீட்டர் நீர்மட்டம் வரை தாங்கும். அன்று சுவரருகே 6.2 வரும், 0.3 கூடலாம் குறையலாம் என்று வரைபடம் சொன்னது. அப்பாடா என்று அவர் நாற்காலியில் சாய்ந்தார். தாங்கள் பின்னால் வந்து நின்று, திரையில் மேலாற்று அளவுகோலின் மேல் விரல் வைத்தீர்கள். மரம் மோதிக் கோணலானதிலிருந்து வாய்க்கு வந்ததைச் சொல்லிக்கொண்டிருந்த அளவுகோல் அது.

“இது எப்பலேர்ந்து இவ்வளவு உறுதியா பேச ஆரம்பிச்சுது?” என்று கேட்டீர்கள்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து வரிசைகளைப் புரட்டினார். வரைபடம் பார்க்க வசதியாக, அளவுகோல்களை மேலாறு தொடங்கிக் கீழாறு வரை அவர் வரிசை மாற்றியிருந்தார். எண்கள் இடம் மாறின. எல்லைகள் பழைய இடத்திலேயே உட்கார்ந்திருந்தன. கோணல் அளவுகோலின் சந்தேகம் நல்ல அளவுகோலின் தலையில். நல்லதன் உறுதி கோணலின் தலையில். கணக்கு பெரிதும் நம்பியிருந்ததோ அந்தக் கோணலைத்தான். சரியாகச் சேர்த்து ஓட்டியபோது அதே 6.2 வந்தது, ஆனால் கூடுதல் குறைவு 1.1. மேலெல்லை 7.3, சுவருக்கு மேலே. அவர் வாயிலிருந்து “அக்கா” என்று மட்டும் வந்தது.

ஊருக்கு எச்சரிக்கை அனுப்பும் நம் அதிகாரி அவர்கள் தொலைபேசியில், “மேடம், எனக்கு ஒரே ஒரு நம்பர் சொல்லுங்க, போதும்” என்றார்கள்.

“ஒண்ணு இல்ல சார், ரெண்டு இருக்கு. அஞ்சுலயும் நிக்கலாம், ஏழையும் தாண்டலாம். எனக்கு பயமா இருக்கு” என்றீர்கள்.

பயம் என்ற சொல்லை அந்தத் தொலைபேசியில் அதற்கு முன் யாரும் சொன்னதில்லை. தெரு காலியானது. ஆறு சுவரின் விளிம்புக்கு நான்கு விரல் கீழே வந்து, நின்று, இறங்கியது. தாங்கள் போட்ட எல்லைக்குள்தான் அது நடந்துகொண்டது. ஊரோ, ஒரு துளிகூட நனையவில்லையே என்று கேலி பேசியது. பள்ளிக்கூடத் தரையில் படுத்து முதுகு பிடித்துக்கொண்ட அக்கா, தம்பியோடு வெகுநாள் பேசவில்லை.

தாங்கள் யாரையும் கடிந்துகொள்ளவில்லை. நிரலைத் திருத்தி எழுதினீர்கள். இன்று எண்ணை நகர்த்தினால் எல்லையும் ஒட்டிக்கொண்டே வரும். எல்லையைத் தொலைத்துவிட்டு வரும் எண்ணை நிரல் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

பண்பின் பெட்டகமே! இந்த இடத்தில் தங்கள் பொறுமையையும் புன்னகையையும் புகழ்ந்து முடித்திருக்க வேண்டும். இன்றைய நண்பகல் கணக்கு அதைக் கெடுத்துவிட்டது. சுவரருகே 6.4. கீழெல்லை 5.2, மேலெல்லை 7.6. வரைபடக்காரர் மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்துவிட்டுத் தங்களிடம் வந்தார். தாங்கள் கையிலிருந்த பூச்செண்டை மேசையில் வைத்துவிட்டு அதிகாரி அறைக்குப் போனீர்கள்.

“போன தடவையும் இப்படித்தான் சொன்னீங்க மேடம். இன்னைக்காவது நிம்மதியா இருங்க. ஆறு புள்ளி நாலுன்னே அனுப்பிட்டேன்” என்று அவர் சொன்னது வெளியே எங்களுக்கும் கேட்டது.

தாங்கள் திரும்பி வந்து, பூச்செண்டைத் தொடாமல், திரையின் முன் உட்கார்ந்து கணக்கை மறுபடி ஓட்டியதைப் பார்த்தோம். அதைப் பார்த்த பிறகு எங்களில் ஒருவருக்கும் சோறு இறங்கவில்லை. வரைபடக்காரர் அக்காவைக் கூப்பிட்டார். “நீ சொன்னா நான் வரமாட்டேன்டா. ஆபீஸ்ல சொல்லட்டும், தெருவே கிளம்பட்டும், அப்ப வரேன்” என்று அக்கா தொலைபேசியை வைத்துவிட்டார்.

ஆகவே, முன்வரிசையில் வீற்றிருக்கும் அதிகாரி அவர்களே! மடலின் மரபை மீறித் தங்களை விளிக்கிறோம், பொறுத்தருள்க. இந்த மண்டபத்தின் கூரையில் விழும் மழைச் சத்தம் தங்களுக்கும் கேட்கிறது. அனுப்பிய ஒற்றை எண்ணைத் திரும்பப் பெற்று, இரண்டு எல்லைகளையும் அனுப்புங்கள். இருட்டுவதற்குள் அந்தத் தெருவைக் கிளம்பச் சொல்லுங்கள். நாளைக்குத் தெரு காய்ந்து கிடந்தால் எங்களைத் திட்டுங்கள். திட்டு வாங்க இத்தனை பேர் கீழே கையெழுத்திட்டிருக்கிறோம். இதற்குக் கைதட்ட வேண்டாம் ஐயா, தொலைபேசியை எடுங்கள்.

அம்மையே! நோய்நொடி இன்றி, நொந்த சொல் ஒன்றும் கேளாமல், நெடுங்காலம் நலமோடு வாழ்வீராக! எத்தனை ஆண்டு என்று எண் போட்டால் எல்லை கேட்பீர்கள்; அதற்கு மேலெல்லை போட எங்களுக்கு மனமில்லை. ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறோம். வீடு திரும்பும்போது ஆற்றோரச் சாலை வேண்டாம், மேட்டுத் தெரு வழியாகவே போங்கள். வழியனுப்ப எங்களால் வாசல்வரைகூட வர முடியாது. இங்கிருந்து நேரே திரைக்குத் திரும்புகிறோம், அதை விட்டு எழமாட்டோம். வரைபடக்காரரும் தங்களோடு வரமாட்டார். இந்தத் தாளைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர் அக்கா வீட்டுக்கு ஓடுகிறார்.

தங்களிடம் பயப்படக் கற்றுக்கொண்ட,
வெள்ள முன்னறிவிப்பு அலுவலகப் பணியாளர்கள் அனைவரும்