வெளி வளையம்

அந்தோனியார் மேல ஆணையா சொல்றேன் தம்பி, இந்தக் காரைப் பத்தி நான் சொல்றது ஒவ்வொரு வார்த்தையும் நெசம். சிரிக்காதீங்க. இஞ்சின் ஓடுறது தெரியாம பானட் மேல பூன குட்டி போட்டுச்சுன்னேன்ல, அதுல குட்டி மட்டும்தான் நான் சேத்தது. பூன நெசம்.

ஆம்ப்ரோஸ் இப்ப எறங்கி வந்துருவான். பேப்பர்ல விளம்பரம் குடுத்தது அவன்தான், கார் அவனோடது. வாங்க வந்த ஆளு நீங்க, முழுசாத் தெரிஞ்சுக்கணும்ல. இப்படி நிழல்ல வாங்க.

முன்னாடி இதுல பாயிண்ட் வச்ச இக்னிஷன், தீப்பொறி குடுக்குற பழைய ஏற்பாடு. நம்ம சிங்கப்பூரு மழ பேஞ்சா ஈரம் எறங்கிரும், ஸ்டார்ட்டே ஆவாது. ஒரு தடவ இந்த தெம்பனிஸ்லேருந்து தள்ளிகிட்டே சிராங்கூன் ரோடு போயி, தோச சாப்பிட்டுட்டு வந்தோம். சரி சரி, இந்த அடுக்குமாடி புளோக் முக்கு வரைக்கும். அவன் சம்சாரம் ஆனிக்கு இழுப்பு. மூச்சு முட்டுனா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். ஆம்புலன்ஸா? கூப்புட்டா வரும்தான். கார் கீழயே நிக்குதேன்னு இருந்துட்டோம். அது கைவிட்டுறக் கூடாதுன்னுதான் பாயிண்டைக் கழட்டிட்டு கிராங்க் டிரிகர் மாட்டுனான்.

இஞ்சின் முன்னாடி கிராங்க் புல்லின்னு ஒரு சக்கரம் சுத்தும் பாருங்க, அதுல காந்தம் பதிச்ச தட்டு. பக்கத்துல சென்சார். காந்தம் அதத் தாண்டுறப்ப பிளக்ல தீப்பொறி. பிஸ்டன் உச்சிக்கு வர்ற எடத்தக் கணக்கு வச்சு, சென்சார நகத்தி நகத்தி, தீப்பொறி சரியான நேரத்துக்கு வருதான்னு டைமிங் லைட்ட அடிச்சுப் பாத்து இறுக்கணும். ஞாயித்துக்கெழம பூசைக்குக்கூடப் போவாம இங்கயே படுத்துக் கெடந்தான். காரயே கட்டிக்கிட்டிருக்கலாம்லன்னு ஆனி மேலேருந்து கத்துவா. முடிச்சப்புறம் சாவியத் தொட்டாலே எடுத்துச்சு. சாவி பாக்கெட்ல இருக்கறப்பவே எடுக்குதுன்னு காப்பிக் கடையில நான் சொல்லிகிட்டுத் திரிஞ்சேன்.

தப்பு ஒண்ணுதான். அந்த புல்லி ஒத்த இரும்பு இல்ல. உள்ள ஒரு வளையம், வெளிய ஒரு வளையம், நடுவுல ரப்பர். தட்ட உள் வளையத்துல முடுக்கணும். அவன் வெளி வளையத்துல முடுக்கிட்டான். ரப்பரு பழசு. ஓட ஓட வெளி வளையம் வழுக்குது, காந்தமும் கூடவே போவுது, தீப்பொறி நேரங்கழிச்சு வருது. லைட்ட அடிச்சா தெரியாதான்னா, தெரியாது. லைட்டுல பாக்குற அடையாளக் கோடும் அதே வெளி வளையத்துலதானே. எல்லாம் சரின்னுதான் காட்டும்.

ஆனிக்கு மூச்சு ரொம்ப முட்டுன அன்னைக்குக் காலைல நல்ல மழ. கார் ஒடனே எடுத்துச்சு. ஆனிய பின் சீட்ல சாச்சுகிட்டுப் போனோம். பி.ஐ.இ. விரைவுச்சாலைல ஏறுனதும் இழுவையே இல்ல, அழுத்த அழுத்த முக்குது. ஓரத்துல நின்னு போச்சு. கைய ஆட்டி டாக்சி புடிச்சோம். இருதயம் ஏற்கெனவே ரொம்பத் தளந்துருச்சு, சீக்கிரம் வந்திருந்தாலும் அவளக் காப்பாத்தியிருக்க முடியாதுன்னாரு டாக்டர். ஆம்ப்ரோஸ் காதுல அது ஏறல.

சையத் ஆல்வி ரோட்டுப் பக்கம் வொர்க்‌ஷாப் வச்சிருக்காரு ஜமால் முகம்மது. அவருதான் கழட்டிப் பாத்து வெளி வளையத்தக் காட்டுனாரு. இப்ப புது புல்லி, தட்டு உள் வளையத்துல. பிளக் ஓட்டையில கம்பி விட்டு, பிஸ்டன் உச்சியத் தொட்டுப் பாத்தே ஆம்ப்ரோஸ் டைமிங் வச்சுட்டான். தங்கம் லா.

ஆனா தெனமும் சாயங்காலம் பானட்டத் தொறந்து லைட்ட அடிச்சுகிட்டு நிப்பான். யாராச்சும் வாங்க வந்தா, இது ஆளக் கொல்ற வண்டி, போங்கன்னுருவான். பின்ன எதுக்கு விளம்பரமா? நானும் யோசிச்சேன். தெரியாத ஆளு ஒருத்தன் வந்து, ஆமா நீ தப்பாத்தான் வச்சிருக்கன்னு மூஞ்சிக்கு நேரா சொல்லணும் அவனுக்கு.

நீங்க வாங்க வேணாம். ஒரு சுத்து ஓட்டிட்டு வந்து, டைமிங் ரொம்ப சரியா வச்சிருக்கீங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டுப் போங்க. பொய் இல்லயே. நான் சொன்னா, ஆறுதலுக்குச் சொல்றேன்னு நெனச்சுக்குவான்.

நான் யாரா? ஆனி எம் மவ, தம்பி. ஒரே மவ.

லிப்ட் தொறக்குது, அவன்தான். நான் அந்தத் தூணுக்கு அங்கிட்டு போறேன். யாரு சொல்லிக் குடுத்தான்னு மட்டும் சொல்லிராதீங்க. கேட்டா, கீழ ஒரு ஆளயும் பாக்கலன்னுருங்க.