இருபத்தேழாம் எண் கவர்

இன்ஸ்பெக்டர் ஐயா, அந்த இளைஞர் திட்டத்தை நடத்த ஏழு அமைப்புகள் விண்ணப்பித்திருந்தன. ஏழையும் நேரில் போய்ப் பார்த்தவன் நான் ஒருவன்தான். தேர்வுக் குழுவில் மற்ற இரண்டு பேரும் சாரலுக்குப் பயந்து காரை விட்டே இறங்கவில்லை. முப்பது வருஷம் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டராக இருந்தவன் நான், அரைகுறை வேலை எனக்குப் பிடிக்காது.

திட்டம் நல்ல திட்டம். வயசுப் பிள்ளைகளுக்கு வயசுப் பிள்ளைகளே உடம்பு, காதல், சட்டம் எல்லாம் சொல்லிக்கொடுப்பார்கள். வாய்விட்டுக் கேட்கக் கூசுகிறவர்கள் சீட்டில் எழுதிப் பெட்டியில் போடலாம். பெயர் வேண்டாம், ஓர் எண் போதும். பதில் அந்த எண் போட்ட கவரில் வரும்.

தென்காசி மெஹர் பானுவின் அமைப்புதான் ஏழிலும் சிறந்தது. அதை இப்போதும் மறுக்க மாட்டேன். சீட்டுகளை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

"பதில் எழுதுன கையோட கொளுத்திருவோம் அண்ணாச்சி. நம்பிப் போடுத பிள்ளையளோட சீட்ட நாம எதுக்கு வச்சிருக்கணும்?" என்றாள்.

குத்துக்கல்வலசை செந்தில்வேலிடமும் அதையே கேட்டேன். "எல்லாம் ஃபைல்ல இருக்கு அண்ணாச்சி. எப்பன்னாலும் வந்து பாருங்க," என்றான்.

ஆவணப் பராமரிப்புக்கு அவனுக்கு முழு மதிப்பெண் போட்டேன், பானுவுக்குப் பூஜ்யம். திட்டம் அவனுக்குப் போனது. பிள்ளைகள் மனசில் என்ன ஓடுகிறது என்று ஊரில் பெரியவன் ஒருவனுக்காவது தெரிந்திருக்க வேண்டாமா? வாராவாரம் போய் வாசித்தேன்.

மூன்றாம் மாதம் இருபத்தேழாம் எண் சீட்டு வந்தது. வேறு சாதிப் பையனைக் கட்டிக்கொள்ளப் போகிறேன், வீட்டுக்குத் தெரிந்தால் உயிரோடு விட மாட்டார்கள், எங்கே போனால் பாதுகாப்புக் கிடைக்கும் என்று கேட்டிருந்தது. கையெழுத்தைப் பார்த்ததுமே ஆள் தெரிந்துவிட்டது. என் தம்பி மகள் ஸ்வாதி. இருபது வயது. கைபிடித்து எழுதப் பழக்கியவனே நான்தான்.

தம்பியிடம் சொல்லவில்லை. அவன் முன்கோபி, ஊரைக் கூட்டிவிடுவான். பதிலை நானே எழுதிக் கவரில் வைத்தேன். செந்தில்வேலுக்கும் வேலை மிச்சம். ஐந்தருவிக்கு மேலே பாதுகாப்பு இல்லம் ஒன்று இருக்கிறது, புதன்கிழமை காலை ஆறு மணிக்குத் தனியாக வா, பையனிடம்கூடச் சொல்லாதே, ஆள் வந்து கூட்டிப்போவார் என்று எழுதினேன்.

அப்படி ஓர் இல்லம் கிடையாது.

சொன்ன நேரத்துக்கு ஒரு துணிப்பையோடு வந்தாள். என்னைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். "பெரியப்பா, நீங்கதானா? நல்லவேள. யாரோ எவரோன்னு பயந்துக்கிட்டே வந்தேன்," என்றாள். பாறை வழுக்கும் என்று கையைப் பிடித்துத்தான் கூட்டிப்போனேன். விளிம்பு வரைக்கும் அந்தக் கையை விடவில்லை.

நீங்கள் பிடித்து வைத்திருக்கும் மணிமுத்துதான் அந்தப் பையன். அவனை விட்டுவிடுங்கள் ஐயா. தள்ளியது நான். செய்யாத குற்றத்துக்கு ஒருவன் உள்ளே இருப்பது சட்டப்படி தப்பு.

இதை மட்டும் விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். என்னைப் பார்த்த பிறகு அவள் பயப்படவே இல்லை. ஒரு பெரியப்பன் அதற்கு மேல் என்ன செய்ய முடியும்?