கஷாயத்துக்கு முன்னும் பின்னும்

செம்பருத்திப் பூவைக் காம்போட கொதிக்கவுட்டா கஷாயம் வாயில வெக்க முடியாது மேனேஜர் சார். நான் ஒவ்வொண்ணா காம்பு கிள்ளித்தான் போடுவேன். தேர்வாய் கண்டிகையில நம்ம மூலிகைக் கம்பெனி தொறந்ததுலருந்து அந்த வேலையில யாரும் என்னை ஒரு குறை சொன்னதில்ல.

கஷாயம் குடிச்சா பிரஷர் கொறையுதான்னு நம்ம ஆளுங்களுக்கே குடுத்துப் பாருன்னு நீங்கதான் பிரஷர் பாக்குற மிஷினைக் கையில குடுத்தீங்க. கொறைஞ்சா பெரிய ஆர்டர், நான் பர்மனென்ட்டு. இல்லன்னா ஊட்டுக்குப் போவவேண்டியதுதான். பேஜாரு இன்னான்னா, நம்மாளுங்க எல்லாருக்கும் பிரஷர் நார்மலா இருந்துச்சு. இல்லாததை எப்படி சார் கொறைக்கிறது?

அதான், மொதல்ல கொஞ்சம் ஏத்திக்கினேன்.

மிஷினைத் தொடல. நம்பரைத் திருத்தல. அதெல்லாம் பாவம். கையில பட்டையைச் சுத்தும்போது ஒரு சேதி சொல்வேன், அவ்ளோதான். குப்புராஜ் அண்ணன்கிட்ட, "இன்னாண்ணே, ஷெட்ல உன் வண்டியைக் காணோம்?"னேன். நூத்தி எழுபது. கஷாயத்தைக் குடிக்க வெச்சுட்டு, "அட, அந்தாண்ட நிக்குது, நான்தான் சரியா பாக்கல"ன்னேன். நூத்தி இருபது. கேன்டீன் அங்காளம்மாள் அக்காகிட்ட, மாமியாரு ஒரேடியா தங்கறதுக்குப் பொட்டியோட வந்து எறங்கிக்கினாங்கன்னேன். மிஷினே எர்ரர் காட்டிடுச்சு.

பேக்கிங் பீட்டர் விஷயத்துலதான் சின்னதா ஒரு தப்பு நடந்துபோச்சு. "ஜெனிபர் ஊட்ல இந்தக் கல்யாணம் வேணாங்கறாங்களாமே"ன்னேன். நூத்தி தொண்ணூறு. அப்படி ஒரு ரீடிங் அமையறது கஷ்டம் சார். சூடா இருக்குதேன்னு நான் திரும்பி நின்னு கஷாயத்தை ஆத்திக்கினு இருந்தேன். அதுக்குள்ள அவன் போனைப் போட்டு, மாமனாராவப்போற மனுஷனை வாய்க்கு வந்தபடி திட்டிட்டான். இப்ப அவங்க நெஜமாவே வேணாங்கறாங்க. எனக்கும் வருத்தந்தான். அவனோட ரெண்டாவது ரீடிங் எடுக்க முடியாமலே போச்சு.

எல்லாம் நான்தான் செஞ்சேன், ஒத்துக்கறேன். ஆனா கஷாயம் வேலை செய்யலன்னு மட்டும் சொல்லாதீங்க, மனசு தாங்காது. சந்தேகம்னா நீங்களே குடிச்சுப் பாருங்க. டம்ளர் ரெடியா இருக்கு. கையை இப்படி நீட்டுங்க, பட்டையைச் சுத்திடறேன்.

ஆங், கேக்க மறந்துட்டேனே. கம்பெனி கேட்டாண்ட லாரிக்காரன் ஒரு வெள்ளைக் காரை இடிச்சு வெச்சிருக்கான். அது உங்களுதா சார்?