கீப்பரைத் தூங்கவிட்ட கோச்

சாந்தோமில் பஸ் ஏறிய ரெண்டு பேர் என் முன்சீட்டில் உட்கார்ந்தார்கள். குப்பத்து ஃபுட்பால் கிளப்காரர்கள்.

“பழைய கோச்சுங்க யாராவது மேட்ச் அன்னிக்கு கோல்கீப்பரைத் தூங்க விட்டிருப்பாங்களா மச்சி?”

“அவன் விடிய விடியக் கடல்ல வலை இழுத்துட்டு வந்தான். புது கோச்சு, படுடான்னாரு.”

“தோத்தோம்ல. அந்தப் பழைய கோச்சு பெருசு இருந்திருந்தா மூஞ்சில தண்ணி ஊத்தி இறக்கியிருப்பாரு. எத்தினி கப்பு வாங்கிக் குடுத்தாரு.”

“என்னையும் அப்படித்தான் இறக்கினாரு. முட்டி போச்சு.”

“சாயங்காலம் மீட்டிங்ல இந்தப் புது கோச்சை மாத்தணும்னு எல்லாரும் கை தூக்குவாங்க. நீ இன்னா பண்ணுவ?”

“தூக்க மாட்டேன். நான் ஒருத்தனா இருந்தாலும் சரி.”

அடையாறு வந்தது. முட்டி போனவர் காலை இழுத்து இழுத்து ஒவ்வொரு படியாக இறங்கினார். டிரைவர் பஸ்ஸை எடுத்துவிடுவானோ என்று எனக்குப் படபடப்பு. கீழே நின்ற நண்பர் கை நீட்டினார். இவர் அதைப் பற்றிக்கொண்டார்.

“பிடிச்சுக்கிறேன். அதுக்காக என் ஓட்டு மாறாது.”