திரும்பி வருவதற்கு இரண்டு தட்டு

இரவு பதினோரு மணி இருக்கும். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகிற சாலை. பாலாற்றுப் பாலத்தைத் தாண்டிவிட்டால் அந்நேரத்துக்கு ஒரு டீக்கடைகூடத் திறந்திருக்காது. இரண்டு பக்கமும் புளியமரம். மரத்துக்கு அப்பால் ஏரி. ஏரிக்கு அப்பால் இருட்டு. அந்தச் சாலையில் ஒரு வெள்ளைக் கார் போய்க்கொண்டிருந்தது. உள்ளே மூன்று பேர்... ஏறும்போது மூன்று பேர்தான்.

கிட்டே வந்து உட்காருங்கள். கரண்ட் வர எப்படியும் நேரமாகும். இது முகம் தெரியாத யாருக்கோ நடந்ததில்லை, நம் தினேஷின் அக்கா அம்சாவுக்கு நடந்தது. தினேஷ் என்னிடம் சொன்னது பட்டப்பகலில், பிள்ளையார்பாளையத்தில், நாலு பக்கமும் தறிச் சத்தம் கேட்கிற இடத்தில். அப்படியும் நான் அன்றைக்கு இருட்டுவதற்குள் வீடு போய்ச் சேர்ந்துவிட்டேன்.

அம்சாவை முசரவாக்கத்தில் கொடுத்திருந்தார்கள். இரண்டாம் தாரம். கணவன் பெயர் அருள், மனை வாங்கி விற்கிறவன். அவனுடைய பெரியப்பா முருகேசன் கட்சியில் பெரிய புள்ளி. முதல் மனைவி அபிநயா, வீட்டுக்குப் பின்னால் இருந்த சமையல் கொட்டகையில் தீப்பிடித்துச் செத்துப்போனவள். கேஸ் கசிந்துவிட்டது என்றார்கள். முருகேசன் யாருக்கோ ஒரு போன் போட்டார். அதற்குமேல் யாரும் எதுவும் கேட்கவில்லை. செத்தவள் வயிற்றில் இரண்டு நாளாகச் சோறே இல்லை என்று பக்கத்து வீடுகளில் முணுமுணுத்தார்கள். அதுவும் பதினாறாம் நாள் காரியத்தோடு அடங்கிவிட்டது.

மாமியார் ஜெயம்மாளுக்கு ஒரு பேரப்பிள்ளை வேண்டும். அபிநயாவுக்குப் பிறக்கவில்லை. அம்சாவுக்கும் ஒன்றரை வருஷமாக ஒன்றுமில்லை. ஜாடைப் பேச்சு, தட்டை டங்கென்று வைப்பது, கடைசியில் முகம் கொடுத்தே பேசாமல் இருப்பது என்று எல்லாம் நடந்தது. அப்புறம் ஒருநாள் திடீரென்று அந்த அம்மாள் சிரித்தாள்.

"குத்தாலத்துல சீசனாம்மா. நம்ப மூணு பேரும் கார்லயே போய்ட்டு வரலாம். நீயும் எங்கதான் போன, சொல்லு."

இத்தனை நாள் சிடுசிடுத்த வாய் சிரித்தால் யாருக்குத்தான் பயம் வராது? அம்சாவுக்கு வந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு ஆசை. மனசு மாறிவிட்டார்களோ என்னவோ, மனிதர்கள்தானே என்று நினைத்துக்கொண்டாள்.

புறப்படுகிற நாள் காலையிலிருந்து சமையல். புளிக்காய்ச்சலை நல்லெண்ணெய் மிதக்க மிதக்கக் கிண்டினாள். இட்லியை மிளகாய்ப்பொடியில் புரட்டி இலையில் கட்டினாள். மட்டன் தொக்கைத் தண்ணீர் சேர்க்காமல் சுருளச் சுருள வதக்கினாள், இரண்டு நாள் தாங்கும். புளியோதரையைத் தாம்பாளத்தில் கொட்டி, ஃபேனுக்குக் கீழே நன்றாக ஆறவைத்தாள். சூட்டோடு அடைத்தால் ஊசிப்போகும் என்று ஜெயம்மாள் பக்கத்திலேயே நின்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்று ஆன பிறகுதான் கேரியரில் அடைக்கவிட்டாள்.

திரும்பி வரும்போது வழியில் சாப்பிடுவதற்கென்று ஒரு தனிப் பை. அதை மட்டும் ஜெயம்மாளே கட்டினாள். முறுக்கு, பருப்புப்பொடி, ஊறுகாய், சின்ன குக்கர். அம்சா எட்டிப் பார்த்தாள். போகிற பையில் மூன்று தட்டு, மூன்று டம்ளர். வருகிற பையில் இரண்டு தட்டு, இரண்டு டம்ளர்.

"இதுல ஒரு தட்டு குறையுது அத்தே."

"போதும்" என்றாள் ஜெயம்மாள். பை வாயை இழுத்து முடிச்சுப் போட்டாள்.

ஒரு சொல்தான். அம்சா அந்த முடிச்சையே பார்த்தாள். ஒன்றை வைக்க மறந்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். ஒரு ஸ்பூனைக்கூட எண்ணி வைக்கிறவள் ஜெயம்மாள், அவள் எதை மறந்தாள்?

கேரியரை மூடப்போகும்போது ஜெயம்மாளுக்கு நினைவு வந்தது.

"மட்டன் எடுத்துக்கினு போறோம், ராத்திரி வேள. ஒரு துண்டு கரி போட்டு மூடு. காத்து கருப்பு பின்னாடி வந்துக்கினு இருக்கும்."

நம் ஊரில் எந்த வீட்டில்தான் இந்த வழக்கம் இல்லை? இருட்டில் அசைவம் எடுத்துப்போனால் கூடவே ஒரு அடுப்புக்கரி போகும். ஆனால் கேஸ் அடுப்பு வைத்திருக்கிற வீட்டில் கரிக்கு எங்கே போவது? இஸ்திரி வண்டிக்காரர் அன்றைக்கு வரவில்லை. அம்சா பின்பக்கம் போனாள்.

கொட்டகை இருந்த இடத்தில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. உடைந்த ஓட்டுக்கும் தகரத்துக்கும் அடியில் எரிந்துபோன கதவு ஒன்று கிடந்தது. பாதிக்கு மேல் கரி. அம்சா தகரத்தைத் தள்ளிவிட்டு, ஒரு மூலையைத் தட்டி ஒரு துண்டு உடைத்துக்கொண்டாள். நிமிரும்போதுதான் தாழ்ப்பாளைப் பார்த்தாள். கதவின் வெளிப்பக்கத் தாழ்ப்பாள். முழுக்க இழுத்துப் போட்டபடியே இருந்தது. அது மாட்டியிருந்த நிலைக்கட்டையும் பிய்ந்து கூடவே வந்திருந்தது.

கதவைப் புரட்டினாள். உட்பக்கம் மரத்தில் கீறல்... கீறலாக... நகம் போன தடம்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. குற்றாலத்தில் பாறை வழுக்கும். பெரியப்பா ஒரு போன் போடுவார். திரும்பி வர இரண்டு தட்டு போதும்.

"கரி கெடச்சுதா?" என்று உள்ளேயிருந்து ஜெயம்மாள் குரல்.

அம்சா அந்தத் துண்டைக் கொண்டுபோய் மட்டன் அடுக்கில் வைத்து மூடினாள். வேண்டுமென்றே வைத்தாளா, கை போன போக்கில் வைத்தாளா என்று தினேஷ் கேட்டானாம். எனக்கே தெரியாதுடா என்றாளாம். விழுப்புரத்தில் டீ குடிக்க நிறுத்துவார்கள், பாத்ரூம் போகிறேன் என்று சொல்லிவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடிவிடலாம். அது ஒன்றுதான் அவள் தலையில் இருந்தது.

அருள் ஓட்டினான். ஜெயம்மாள் முன்சீட்டில். அம்சா பின்சீட்டில், பக்கத்தில் கேரியர். கோபுரத்து விளக்குகள் பின்னால் போயின. ஓரிக்கை போயிற்று. பாலம் போயிற்று.

முதலில் வாசனை வந்தது. நல்லெண்ணெய், புளி, வறுத்த மிளகாய்... அடுப்பிலிருந்து இப்போதுதான் இறக்கியது போல. அம்சாவின் தொடையில் கேரியர் பட்டது. சுட்டது. ஃபேனுக்குக் கீழே சில்லென்று ஆறவைத்த சோறு அது. உள்ளே என்னவோ சத்தம் வேறு. சட்... சட்... தணல் வெடிக்கிற மாதிரி. அப்புறம் அந்த வாசனைக்கு அடியில் இன்னொன்று வந்தது. முடி கருகுகிற நாற்றம்.

"டேய் அருளு... பசிக்குதுடா" என்றாள் ஜெயம்மாள்.

"இப்பதானமா துன்னுட்டு கெளம்பனோம்" என்றான் அவன். கொஞ்ச தூரம் போனான். புறங்கையால் வாயைத் துடைத்தான். "எனக்கும் இன்னாவோ பண்ணுதும்மா. வயித்த புடிச்சி இழுக்குது."

ஏரிக்கரை ஓரமாக நிறுத்தினான். உள்விளக்கைப் போட்டான். தவளைச் சத்தம் காதைப் பிளந்தது. தட்டுப் பை டிக்கியில் இருந்தது. அம்சா கேரியர் பையிலிருந்து இரண்டு நறுக்கு வாழையிலை எடுத்து, அவர்கள் மடியில் பேப்பர் விரித்துப் பரிமாறினாள். அந்த வீட்டில் மருமகள் பரிமாறிவிட்டுக் கடைசியில்தான் சாப்பிட வேண்டும், காரானாலும் அதே சட்டம்.

"தண்ணி எங்க? டிக்கில இருக்குது, போய் எடுத்துக்கினு வா. நீ அப்பறம் துன்னலாம்" என்றாள் ஜெயம்மாள்.

அம்சா இறங்கிக் கதவைச் சாத்தினாள். தண்ணீர்க் கேனை எடுத்தாள். டிக்கியை மூடினாள்.

டக்.

நான்கு கதவும் பூட்டிக்கொண்டன. தவளைச் சத்தம் அப்படியே நின்றுபோயிற்று.

அவள் கண்ணாடியைத் தட்டினாள். அருள் பொத்தானை அழுத்தினான். கைப்பிடியை இழுத்தான். திறக்கவில்லை. எரிச்சலோடு திரும்பிப் பின்பக்கம் பார்த்தான்... பார்த்தபடியே இருந்தான்.

அம்சா உட்கார்ந்திருந்த இடத்தில் ஒருத்தி உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு பக்கம்தான் முடி. குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு வாயாக, மெதுவாக, வெறும் வயிற்றில் சோறு இறங்கும்போது வலிக்குமே அந்த மாதிரி. பிறகு வேகமாக. பிறகு அள்ளி அள்ளி.

கேரியரிலிருந்து புகை கிளம்பியது. நெருப்பு இல்லை, வெறும் புகை. கண்ணாடி மங்கிக்கொண்டே வந்தது. ஜெயம்மாள் வாய் திறந்து மூடியது, அபி என்று கூப்பிட்டிருக்க வேண்டும். அதற்கப்புறம் உள்ளங்கைகள்... கண்ணாடியில் பட்பட்டென்று. நகம் கீறுகிற சத்தம்.

"தொற... அம்சா... தொறம்மா..."

அம்சா கரையில் கிடந்த ஒரு கல்லை எடுத்தாள். ஓங்கவும் ஓங்கினாள். அப்போது பின்சீட்டில் இருந்தவள் தலை நிமிர்ந்து இவளைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் இவள்மேல் கோபம் இல்லை. வேண்டாம் என்று ஒரே ஒருமுறை தலையாட்டினாள். திரும்பக் குனிந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

பாவமாக இல்லையா அக்கா என்று தினேஷ் கேட்டிருக்கிறான். இருந்ததுடா என்றாளாம். புருஷன் கையைக் கண்ணாடியில் பார்த்தபோது பாவமாக இருந்தது. அத்தை முகத்தைப் பார்த்தபோது இல்லை. கீறல் விழுந்த அந்தக் கதவு ஞாபகம் வந்தது, அப்புறம் யார்மேலும் இல்லை.

அம்சா கல்லைக் கீழே போட்டாள். கொஞ்ச தூரம் நடந்து, மைல்கல்மேல் உட்கார்ந்து, கேனைத் திறந்து தண்ணீர் குடித்தாள்.

தட்டுகிற சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. அப்புறம் விட்டு விட்டு. அப்புறம் நின்றது. தவளைகள் மறுபடி கத்த ஆரம்பித்தன.

விடியற்காலை பால் வண்டிக்காரர் ஒருவர்தான் பார்த்துப் போலீசுக்குச் சொன்னார். அவர் கதவைத் தொட்டதும் திறந்துகொண்டதாம். தாயும் பிள்ளையும் முன்சீட்டில் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். உடம்பில் ஒரு காயம் கிடையாது. சீட்டில் ஒரு பொத்தல் கிடையாது. ஆனால் இரண்டு பேர் நெஞ்சிலும் புகை அடைத்திருக்கிறது, எரிகிற வீட்டில் மாட்டிக்கொண்டவர்களுக்கு இருப்பதுபோல என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஏசியில் என்னவோ கோளாறு என்று எழுதி முடித்துவிட்டார்கள். அம்சா தண்ணீர் எடுக்க இறங்கியதாகச் சொன்னாள். அது உண்மைதானே.

உடல்களை எடுப்பதற்கு முன்பே முருகேசன் ஏரிக்கரைக்கு வந்துவிட்டார். வந்ததும் வராததுமாகப் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார், கைப்பழக்கம். பேசிக்கொண்டே காருக்குள் எட்டிப் பார்த்தார். முன்னால் இரண்டு மடியிலும் இலை, வைத்த சோறு வைத்தபடி. கேரியர் மட்டும் வழித்துத் துடைத்தது போலக் காலி. பின்சீட்டில் மூன்றாவதாக ஒரு இலை இருந்தது. அம்சா எடுத்தது இரண்டுதான்.

சாப்பிட்டு முடித்து மடித்து வைத்த இலை அது. உங்களுக்கே தெரியும், சாவு வீட்டில் சாப்பிட்டால் இலையை எதிர்ப்பக்கமாக மடிப்போம், இப்படியொரு சாப்பாடு இனி வேண்டாம் என்று. கல்யாண வீட்டில் நம் பக்கமாக மடிப்போம், மறுபடியும் வருவோம் என்று. முருகேசன் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு, நன்றாகக் குனிந்து பார்த்தார்.

இலை, சாப்பிட்டவள் பக்கமாக மடித்திருந்தது.