சாமி படத்துக்குப் பின்னால் இருந்த கார்டு

"மறுபடியும் டாக்டர்கிட்ட போனா முருகனையே சந்தேகப்பட்ட மாதிரி ஆயிடும்லா."

மலேசியாவில், சுங்கைப் பட்டாணியிலிருந்து புக்கிட் செலம்பாவ் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் இருந்த நடுவயதுப் பெண் இப்படிச் சொன்னார். பக்கத்தில், அவரைப் போலவே தொழிற்சாலைச் சட்டை போட்ட இளம்பெண்.

"என்னக்கா சொல்றீங்க?"

"மார்ல கட்டின்னு ஊசியால சதை எடுத்து டெஸ்ட் பண்ணாங்கல்ல? கேன்சர் இல்லன்னு வந்தா மூணு வருஷம் பால்குடம் எடுக்கிறேன்னு வேண்டிக்கிட்டேன். இல்லன்னுதான் வந்துச்சு. இந்தத் தைப்பூசத்துக்கு எடுத்தாச்சு. இன்னும் எதுக்கு ஸ்கேன்?"

"டாக்டர் என்னதான் சொன்னாங்க?"

"செல்லு கொஞ்சம் மாறியிருக்காம். கேன்சர் இல்ல, ஆனா பின்னால வர்ற வாய்ப்பு மத்தவங்கள விட அதிகமாம். வருஷா வருஷம் வந்து பாக்கணுமாம்."

"எனக்கும் கட்டி இருந்துச்சுக்கா. அது சாதா கட்டி, பயப்பட ஒண்ணுமில்லன்னு என்னை விட்டுட்டாங்க. உங்கள விடல, பாருங்க. அடுத்த தேதி போட்டுக் குடுத்த ஆஸ்பத்திரி கார்டு எங்க?"

"சாமி படத்துக்குப் பின்னால வச்சிருக்கேன்."

"தேதி?"

"போன மாசமே போயிடுச்சு."

"ஒரு தடவை எடுத்ததோட பால்குடத்த நிறுத்திட்டீங்களா?"

"அது எப்படி? மூணு வருஷம்னு வாக்கு குடுத்திருக்கேன்."

"அப்ப டாக்டருக்கு மட்டும் ஒரு தடவை போதுமா?"

இரண்டு நிறுத்தம் தள்ளி அக்கா மணியை அழுத்திவிட்டு எழுந்தார்.

"நீயும் இறங்கு. வீட்டுக்கு வந்து கார்டை நீயே எடுத்துக் குடு. நான் எடுத்தா முருகன் மூஞ்சியைப் பாக்க முடியாது."